தி கஞ்சிக்கோடு

“இன்னொரு தரம் கத்து, பாப்போம்.”

“தி கஞ்சிக்கோடு... தி கஞ்சிக்கோடு...”

ஸ்டேஷன் மாஸ்டர் சிவராமகிருஷ்ணன் தலையில கை வெச்சுக்கிட்டார்.

“ஊர் பேருக்கு முன்னாடி ‘தி’ வரப்படாதுடா மூர்த்தி. இங்கிலீஷ்ல அது தப்பாக்கும். பாலக்காட்டுக்குப் போறேன்னு சொல்லுவேனா, தி பாலக்காட்டுக்குப் போறேன்னு சொல்லுவேனா?”

“பாலக்காட்டுக்குத்தானுங் சாமி.”

“பின்னே?”

போர்ட்டர் ஈஸ்வரமூர்த்தி கால் விரலாலே தரையைக் கீறினான். வண்டி நின்னதும் ஊர் பேரைக் கத்துறது அவன் வேலை. மத்தபடி சொன்ன பேச்சைக் கேக்குற ஆளு. இந்த ஒண்ணுல மட்டும் எருமைமாடு. ஆடி மாசத்துல இருந்து இதே கூத்து.

“நாளைக்கு சாயந்திர வண்டியில வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வரார். அவர் காதுல ‘தி’ விழுந்துதோ, உனக்கு வேலை இல்லே. பி.ஏ. படிச்சவன் ஸ்டேஷன்ல இதானா இங்கிலீஷுன்னு என் மானமும் போகும். கேட்டயா?”

“கேட்டேனுங் சாமி.”

மறுநாள் வண்டி வந்துச்சு. வெள்ளைக்காரர் இறங்கினார். மூர்த்தி நல்ல பிள்ளையா, “கஞ்சிக்கோடு... கஞ்சிக்கோடு...”ன்னான்.

மாஸ்டர் முகத்துல பௌர்ணமி.

கார்டு பச்சைக் கொடியை எடுத்தார். மூர்த்தி மூணாங்கிளாஸ் பெட்டியைப் பார்த்தான். யாரும் இறங்கலை. வெள்ளைக்காரரைப் பார்த்தான். மறுபடி பெட்டியைப் பார்த்தான்.

“தி கஞ்சிக்கோடு!”

முந்தின ஸ்டேஷன் வாளையார் வரைக்கும் கேட்டிருக்கும்.

பெட்டியில இருந்து விசிறிக் கட்டோட ஒரு அம்மா படியைத் தடவித் தடவி இறங்கினாங்க. கண்ணு தெரியாத மருதாத்தாள். போத்தனூர்ல பனைவிசிறி வித்துட்டு இதே வண்டியில திரும்பறவங்க.

“ஏன் மூர்த்தி, இன்னிக்கு இத்தனை நேரம்? வேற எவனோ கத்துறான்னு உக்காந்துட்டேன்.”

வண்டி கிளம்பிருச்சு. மாஸ்டர் மூர்த்தியை ஓரமா இழுத்தார். “ஏண்டா படுபாவி...”

“சாமி, ஆடியில வண்டியில வந்த போக்கிரிப் பசங்க, வாளையார்லயே கஞ்சிக்கோடுன்னு கத்தி இந்த அக்காவ எறக்கி உட்டுட்டாங்க. பொழுது சாஞ்சா ஆனை வர்ற காடுங்க அது. அன்னையில இருந்து, ‘தி’ கேட்டாத்தான் அவங்க எறங்கறது.”

“இதை எங்கிட்ட சொல்லித் தொலைக்கப்படாதோ?”

“வெளிய தெரிஞ்சா அந்தப் பசங்களும் ‘தி’ போட்டுருவாங்களே சாமி.”

மாஸ்டர் வாயைத் திறக்குறதுக்குள்ள வெள்ளைக்காரர் வந்து நின்னார். மூர்த்தியை மேலும் கீழும் பார்த்துச் சிரிச்சார். அப்புறம் மாஸ்டர்கிட்ட இங்கிலீஷ்ல கேட்டார்.

“இவனுக்குத்தான் தெரியலை. படிச்சவர், நீங்க சொல்லிக் குடுங்க. இந்த ஸ்டேஷன் பேரு என்ன?”

மூர்த்தி, சட்டையில குத்தியிருந்த பித்தளை போர்ட்டர் வில்லையைக் கழட்ட விரலை வெச்சான்.

பி.ஏ. படிச்ச சிவராமகிருஷ்ணன் கோட்டை இழுத்து விட்டுக்கிட்டு, கணீர்னு சொன்னார்.

“தி கஞ்சிக்கோடு, சார்.”