பானெட்டுக்கு அடியில்

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பொம்மைக் காருக்காக ஞானராஜ் ஏழு மாதம் உட்கார்ந்து ஓர் எஞ்சின் செய்தான். கடுகில் பாதி அளவுக்குப் போல்ட்டுகள், தலைமுடி மாதிரிச் செம்புக் கம்பியில் ஒயர்கள். நிஜ எஞ்சினை அளந்து இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கியதில் இம்மிகூடப் பிசகவில்லை. எஞ்சினுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பொருத்துகிற அன்று, சிவப்புப் பெயின்ட் அடித்த பானெட் மூடவில்லை.

"கொஞ்சம் குனியேன்" என்றது பானெட்.

"நான் ஏன் குனியணும்? என் அளவு சரி. உன் தடிமன்தான் பொய். நிஜக் காருக்கு யாராவது ஓரங்குலப் பலகையில பானெட் போடுவாங்களா?"

"பொய்தான். ஆனா பாக்கறவங்க என்னைத்தானே பாப்பாங்க."

ஞானராஜ் பானெட்டைத் தேய்த்து மெலிதாக்குவான் என்று எஞ்சின் காத்திருந்தது. அவன் பெயின்ட்டின் பளபளப்பை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு அரத்தை எடுத்து எஞ்சினின் தலையை ராவித் தள்ளினான். ஒயர்கள் உதிர்ந்தன. பானெட் கச்சிதமாகப் படிந்தது. இடைவெளி தெரியாமலிருக்கப் பசை வைத்து ஒட்டியும் விட்டான்.

கண்காட்சியில் ஒருவர் கேட்டார். "உள்ளே எஞ்சின் இருக்கா?"

"இருக்கு சார். போல்ட் உட்பட அச்சு அசல்."

"பொய்" என்று இருட்டுக்குள்ளிருந்து சொன்னது எஞ்சின்.

"சும்மா இரு. அவன் காதுல விழுந்துடப் போகுது" என்றது பானெட்.

அடுத்த காருக்கு அவன் எஞ்சினே செய்யவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் அதே பதிலைச் சொன்னான்.