விதையோடு வந்த வைரஸ்

தென்னைகளுக்கு நடுவே உரத்துக்காக விதைத்த சணப்பையில் சில இலைகள் சுருண்டிருந்தன. மாதேஸ்வரன் ஓர் இலையைக் கைப்பேசித் திரையில் ஒட்டினான். திரை இலைச்சாற்றிலிருந்த வைரஸின் மரபணுவைப் படித்து, மற்றத் தோட்டங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டது; வைரஸின் பெயரும், அது எந்தத் தோட்டத்து விதையில் ஏறி வந்தது என்பதும் உடனே தெரிந்தன. உடுமலை, கயல்விழி தோட்டம். பாகப்பிரிவினைக்குப் பிறகு அவனோடு பேச்சை நிறுத்திய தங்கை.

"நீ அங்க போனியா?" என்றான் மனைவியிடம்.

"போனேனுங்க," என்றாள் சுகந்தி தயங்காமல். "கயலுக்குப் பொண்ணு பொறந்திருக்குது. பாத்துட்டுக் கிளம்பறப்ப விதை குடுத்துச்சு. வாங்கிட்டு வந்தேன்."

அவனுக்குக் கோபம் வந்தது. ஆனால் தங்கையின் தோட்டத்திலும் நோய் பரவிக்கொண்டிருக்கும் என்பது உறைத்ததும் கயல்விழியைக் கைப்பேசியில் அழைத்தான்.

"கயலு, உன்ற சணப்பையில நோய் இருக்குது. விட்டா அடுத்துப் போடற அவரைக்கும் தாவிரும். நாளைக்கு டிராக்டரோட வர்றேன், மடக்கி உழுதரலாம்... பாப்பாவுக்குப் பேரு வெச்சாச்சா?"