நாற்பத்தொரு பெட்டிகள்

"தாத்தா, திரும்பி வாங்க! பாலத்தைத் தூக்கப் போறாங்க!"

கனகலட்சுமி கத்திய கத்தலுக்குக் கிழவர் திரும்பவில்லை. பனி கொட்டும் மாலை. கரையோரக் கடைகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் எரிந்தன. தூக்குப் பாலத்தின் நடுவில் சறுக்கி விழுந்த நாயை எடுக்க, தடுப்புக் கட்டைக்குக் கீழே குனிந்து அவர் உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

அவர் திரும்பாததற்கு நியாயமான காரணம் இருந்தது. அவர் இருந்தது ஏதோ ஒரு குளிர்நாட்டுச் சிற்றூரில். இவள் இருந்தது தண்டலத்தில், மூன்றாவது மாடியில், பதினேழாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால்.

ஓட்டுநர் இல்லாத காருக்குக் கண் தெரிய வேண்டும். அதற்காக அந்த ஊர்க் கேமராவில் தெரிகிற ஒவ்வொன்றையும் சுற்றிப் பெட்டி வரைந்து ஆள், நாய், படகு, கைபேசி என்று பெயர் எழுதுவதுதான் வேலை. எந்த வகையிலும் சேராவிட்டால் 'மற்றவை'.

"எல்லாமே லைவ். நீ ஒரு பெட்டி வுட்டா அங்க ஒரு ஆளு காலி" என்று சூப்பர்வைசர் லோகேஷ் முதல் நாளே சொல்லியிருந்தான். அவனுக்கு அவனுடைய மேனேஜர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

ஒன்பது நாளாகக் கனகலட்சுமி ஒரு பெட்டியையும் விடவில்லை. தென்காசிப் பக்கத்துக்காரி, பனியையே இந்த வேலையில்தான் பார்த்தாள். தினமும் விளக்கு எரியும் நேரத்துக்கு வருகிற கிழவரும் நாயும்தான், தண்டலம் வந்த பிறகு அவளுக்குக் கிடைத்த சொந்தம்.

கரையில் கூட்டம் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் பெட்டி போட்டாள். எல்லாருடைய கையும் நெஞ்சுக்கு முன்னால் நீண்டிருந்ததால், கைபேசிகளுக்குப் பெட்டி போடுவது சுலபமாக இருந்தது.

பாலம் அசைந்தது. கிழவர் ஒரு கையால் நாயை அணைத்து, மறு கையால் கம்பியைப் பிடித்தார். பாலம் செங்குத்தாக எழ எழ, அவர் கால்கள் அந்தரத்தில் தொங்கின.

திரை கறுத்தது. அடுத்த காட்சியாக ஒரு காலி மீன் சந்தை வந்தது.

"லோகேஷண்ணே! சீக்கிரம் ஒரு போன் தாங்கண்ணே!"

வேலையாட்களின் போன்கள் கீழே லாக்கரில். லோகேஷ் நுங்குக் கவரோடு ஓடி வந்தான். ஏசி படுத்து நாலு நாள் ஆகியிருந்ததால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னாம்மா, ஊர்ல யாருக்காச்சும் இன்னாவாச்சும்..."

"பாலத்துல தாத்தா தொங்குறாரு. பாலத்துக்காரருக்குச் சொல்லணும். நம்பர் அங்கயே எழுதிப் போட்டிருக்கு."

காட்சியைப் பின்னால் ஓட்டிக் காட்டினாள். பாலத்தின் முனையில் ஒரு மஞ்சள் பலகை: 'ஆபத்தென்றால் பாலத்தை நிறுத்த அழையுங்கள்' என்று ஆங்கிலத்திலும் எழுதி, கீழே எண். மூன்றாம் நாளே அதற்குப் பெட்டி போட்டிருந்தாள். 'மற்றவை'.

"தபார், இங்க பாக்கறத வெளிய பேசுனா வேலை காலி. கையெழுத்து போட்டுக்கீறல்ல? இதுக்கு நாம பேசணுமா? கரையில எத்தினி பேரு?"

"நாப்பத்தொண்ணு."

"கையில இன்னா கீது?"

"போனு. அதுக்கும் நாப்பத்தொரு பெட்டி போட்டிருக்கேன்."

"அப்பறம் இன்னா? இந்நேரம் அத்தினி பேரும் போன் போட்டு, பாலத்துக்காரன் காது கிழிஞ்சிருக்கும். நீ மீன் சந்தைக்கு வா."

அவள் வரவில்லை. "லைன் பிஸின்னு வந்தா வச்சிருங்க. நான் நாளைக்கே வேலைய விட்டுப் போயிருதேன். ஒரே ஒரு தடவைண்ணே."

அடுத்த மாதம் டீம் லீடர் ஆகப் போகிற லோகேஷ், தலைக்கு மேலே இருந்த கேமராவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நுங்கைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

வெளிநாட்டு அழைப்புக்கு வசதி இல்லை என்றது போன். வசதியைக் கேட்டால் ஓடிபி கேட்டது. ஓடிபி நிதானமாக வந்தது.

"நாலு நிமிஷமாச்சுண்ணே. கை விட்டுப் போயிருமே!"

"இரும்மா, ரிங்கு போவுது... ஹலோ! சார், ஐ காலிங் இந்தியா! ஓல்டு மேன், டாகு, பிரிட்ஜு! ஸ்டாப் சார், ஸ்டாப்!"

லைன் பிஸியாக இல்லாததை அப்போது யாரும் யோசிக்கவில்லை. வரிசை முழுக்க எழுந்து நின்றது.

லோகேஷ் கேட்டுக்கொண்டே இருந்தான். "எஸ் சார்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து "சாரி சார்" என்றான். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தான்.

"நிறுத்திட்டாராண்ணே?"

"இது லைவ் இல்லியாம். அங்கயும் இப்ப வெயில்தானாம்." அவன் நெற்றியைத் துடைத்தான். "அந்தத் தாத்தா போயி மூணு வருஷமாச்சாம்."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். கனகலட்சுமி மட்டும் உட்காரவில்லை.

"பாலத்துக்காரரு பாக்கலையா?"

"ரூம் கண்ணாடி பூரா பனி. ஒரு போன் வந்திருந்தா பட்டனை அமுக்கியிருப்பேன்னு அழுவுறாரு."

அவள் காட்சியைக் கரைக்கு ஓட்டினாள். நாற்பத்தொரு பெட்டி. அதற்குள் நாற்பத்தொரு சின்னப் பெட்டி.

"அப்ப இத்தனை பேரு?"

லோகேஷ் திரையைப் பார்க்காமல் சொன்னான்:

"மொத போனே நம்மளுதுதானாம்."