நான்கு கோட்டுக் கீறல்

"மேடம், உலகத்துல பொய் சொல்லத் தெரியாத ஒரே ஜீவன் நான்ஸ்டிக் வாணலிதான். அதை என் கையில குடுங்க. கெடுத்தது யாருன்னு அதுவே சொல்லும், நான் எழுதிக்குவேன்."

தலைமைப் பரிசோதகர் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. பதினெட்டு வருடங்களாகப் பாத்திரப் பூச்சுகளைத் தேய்த்தும் கீறியும் சூடாக்கியும் தீர்ப்பு எழுதுகிறவர். பரிசோதனைக் கூடத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவருக்கும் தெரியும், அதில் அவருக்குப் பெருமைதான்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது நாளான உதவியாளர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, மாதிரி எண் நாற்பத்தொன்றை மேசைமேல் வைத்தார். கைப்பிடியைக் கழற்றித் தனி உறையில் போட்டிருந்த வாணலி. கைப்பிடி இருந்தால் தேய்க்கும் இயந்திரத்துக்குள் நுழையாது. அனுப்பியவர் யார் என்பது பரிசோதகருக்குத் தெரியக் கூடாது என்று விதி இருப்பதால், கடிதத்தையும் பெயரில்லாமல் டைப் அடித்துத்தான் உள்ளே அனுப்பியிருந்தார்கள்.

"என்னவாம்?"

உதவியாளர் படித்தார்.

"'வாங்கி நாலு மாதத்தில் பூச்சு போய்விட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கம்பி நாரால் தேய்த்துக் கெடுத்துவிட்டதாக என் கணவர் தினமும் குத்திக் காட்டுகிறார். நான் கம்பி நாரைத் தொட்டதே இல்லை. எனக்குப் புது வாணலி வேண்டாம். தப்பு யார்மேல் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார். உங்கள் பரிசோதகர் எழுதினால் நம்பித்தான் ஆக வேண்டும்.'"

படித்து முடித்ததும் உதவியாளர் தயங்கினார். "பாவம் சார். பேசாம 'காரணம் தெரியவில்லை'ன்னு எழுதிடலாமா? சண்டையாவது ஓயும்."

பூதக்கண்ணாடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"'காரணம் தெரியவில்லை'யா? முதுகெலும்பு இல்லாதவன் எழுதுற வார்த்தை மேடம் அது! என் சர்வீஸ்ல ஒரு தடவைகூட எழுதினதில்ல. எழுதுற அன்னிக்கு வேலையை விட்டுட்டுப் பஞ்சுமிட்டாய் விக்கப் போயிடுவேன்."

சோதனை தொடங்கியது. கீறல் விழாத இடத்தை இயந்திரத்தின் முரட்டு நார் மூவாயிரம் தடவை தேய்த்தது. பூச்சு அசையவில்லை. சின்னச் சின்னக் கட்டங்களாகக் கீறி, கூடத்துக்கென்றே தருவிக்கிற பச்சை டேப்பை ஒட்டிப் பிய்த்தார்கள். ஒரு துணுக்குகூட டேப்போடு வரவில்லை. எண்ணெய் விடாமல் ஊற்றிய முட்டை, லீவு கிடைத்த மாணவனைப் போல வழுக்கிக்கொண்டு தட்டுக்குப் போனது.

"கம்பெனி மேல தப்பில்ல," என்றார் பூதக்கண்ணாடி, லென்ஸை எடுத்துக்கொண்டு.

"அப்ப அந்தம்மா மேலயா?" உதவியாளரின் குரல் இறங்கிவிட்டது.

"அவசரப்படாதீங்க. கம்பி நார்னா வட்டம் வட்டமா, எல்லாப் பக்கமும் இருக்கும். இங்க பாருங்க. நாலு நாலு கோடாப் போகுது."

"ஆமா சார்!"

"முள்கரண்டி."

உதவியாளர் வாயைப் பொத்திக்கொண்டார். "வாணலியிலயா?"

"வாணலியிலயேதான். தட்டுல போட்டுத் திங்கிற வரைக்கும் பொறுமை இல்ல. அந்தம்மா அந்தப் பக்கம் போன நேரமாப் பாத்து, அடுப்படியில நின்னுக்கிட்டே அடியில ஒட்டின முறுகலைச் சுரண்டித் தின்னிருக்கான்."

"அவங்க வீட்டுக்காரரா? அதெப்படி சார் அவ்வளவு உறுதியா..."

"தினமும் குத்திக் காட்டுறதுலயே தெரியலையா? இன்னும் கேளுங்க. கைப்பிடி மாட்டுற ஓட்டை இங்க. கீறல் மொத்தமும் அதுக்கு இடப்பக்கம். வலது கையால கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இடது கையால சுரண்டியிருக்கான். ஆள் இடதுகைக்காரன்!"

"அடேயப்பா!" உதவியாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு உடம்பே சிலிர்க்குது சார்."

"இவனையும் நம்பி ஒருத்தி குடும்பம் நடத்துறா பாருங்க! திங்கிறதையும் தின்னுட்டு, பழியை அவ தலையில போட்டுட்டுப் பெரிய மனுஷனா உலாத்துறான். எழுதுங்க: 'பூச்சில் குறையில்லை. மனைவி மீதும் குறையில்லை. கணவரே காரணம்.' கடைசி வரிக்கு அடிக்கோடு. அவன் இதைப் படிக்கிறப்ப மூஞ்சி போற போக்கைப் பக்கத்துல நின்னு பாக்கணும் மேடம்!"

உதவியாளர் எழுதினார். அடிக்கோட்டை ஸ்கேல் வைத்தே போட்டார். கையெழுத்துக்காக அறிக்கையை அவர்முன் வைத்துவிட்டு, வாணலியைத் திருப்பி அனுப்ப வேண்டுமே என்று உறையிலிருந்து கைப்பிடியை எடுத்தார். நடுவில் விரிசல் விட்ட கைப்பிடி. விரிசலை மறைத்து யாரோ அழகாக டேப் சுற்றியிருந்தார்கள்.

"அட, பச்சை டேப்! இப்ப நாம ஒட்டிப் பிச்சோமே, அதேதான் சார். இது வெளியில எங்கயும் கிடைக்காதுன்னு காலையிலதான் சொன்னீங்க. அவங்க வீட்டுக்கு எப்படிப் போச்சு?"

உதவியாளர் நிமிர்ந்து பார்த்தார். பூதக்கண்ணாடியின் முகம், எண்ணெய் விடாத அந்த முட்டையைப் போல வெளுத்திருந்தது. கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தவர், அறிக்கையை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். மூன்று வரிகளையும் அடித்துவிட்டு, கீழே சின்னதாக 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், இடது கையால்.