வழுக்கும் டயர்

வேலைக்காக நார்வே போன பூங்கோதை, பனி விழத் தொடங்கியதும் சைக்கிள் வாங்கக் கிளம்பினாள். கடைக்காரி, பனியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயர் போட்ட சைக்கிளைக் காட்டினாள். பூங்கோதைக்குச் சாதாரண டயரே போதும் என்று தோன்றியது. அப்படி ஒன்றை வாசலில் ஓட்டிப் பார்த்தபோது, திரும்புகையில் சறுக்கி விழுந்தாள்.

கடைக்காரி ஓடிவந்து அவளை அணைத்துத் தூக்கினாள். முதுகில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, கன்னத்தைத் தொட்டு, "அடிபட்டுடுச்சா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்று தமிழில்தான் வந்தது. இந்த ஊருக்கு வந்தபின் இன்னொரு மனிதரின் கை அவள்மேல் பட்டது இதுவே முதல் தடவை.

"ஆணி டயரை எடுத்துக்கோ. விழவே மாட்டே."

பூங்கோதை கீழே கிடந்த சைக்கிளை நிமிர்த்தினாள்.

"இதையே இன்னொரு வாட்டி ஓட்டிப் பாக்கட்டுங்களா?"