வாய்விட்டுச் சொல்லுங்க

“மனசுல என்ன ஓடுதோ, அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லணும் மேடம். நல்லதோ கெட்டதோ, எதையும் அடக்க வேண்டாம்.”

“திட்டணும்னு தோணினா?”

“தாராளமாத் திட்டுங்க. இந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி நான் ஒருத்தன்தான் இருப்பேன். வேற யார் காதுக்கும் போகாது.”

இப்படி வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஆலோசகர் பக்கத்து அறைக்குப் போனார். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தின் மென்பொருளுக்கு அவர் புதிதாகத் திரை அமைத்திருந்தார். கட்டுப்பாட்டு அறைக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் சரி, தொட்டியடிக்குக் கையோடு எடுத்துப் போகும் டேப்லெட்டில் திறந்தாலும் சரி, அது ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும். இன்றைக்குப் பரீட்சை. ஷிஃப்ட் இன்ஜினியர் அம்மா அதைப் பயன்படுத்திப் பார்ப்பார். எங்கே தடுமாறுகிறார் என்று இவர் கண்ணாடி வழியாகக் கவனிப்பார். இந்தப் பக்கமிருந்து அந்த அறை தெரியும். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி.

ஆலோசகர் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, கதவு திறந்தது. லைட்டைப் போட்டபடியே உள்ளே வந்தவர் மேனேஜர்.

“நானும் பார்க்கிறேன். என்ன, கூடாதா?”

கூடாது என்று சொல்ல வாய் வருமா? ஒப்பந்தம் நிலைப்பதும் போவதும் அவர் கையில். அதைவிடப் பெரிய சங்கடம், அந்தத் திரையின் உச்சியில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்ததும் அவர்தான். ஊழியர்களுக்கு உற்சாகம் தரும் என்று தன் படத்தைத் தானே கொடுத்திருந்தார். ஆலோசகர் ஒவ்வொரு கூட்டத்திலும் மன்றாடிப் பார்த்துவிட்டார்.

“கம்ப்யூட்டர்ல சமாளிச்சிடலாம் சார். டேப்லெட் சின்னது. படம் இடத்தை அடைச்சிடும், பம்பை நிறுத்துற பட்டன் கீழே போய் மறைஞ்சிடும்.”

“அதையெல்லாம் சரி பண்ணத்தானே உங்களைக் கூப்பிட்டது?” என்று ஒவ்வொரு முறையும் வாயை அடைத்துவிட்டார் மேனேஜர்.

கம்ப்யூட்டரில் எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. பிறகு அந்தம்மா டேப்லெட்டைக் கையில் எடுத்தார். தொட்டி நிரம்பி வழியப் போகிறது, பம்பை நிறுத்த வேண்டும். வெறும் ஒத்திகைதான், தண்ணீரும் இல்லை, பம்பும் இல்லை. ஆனால் ஆலோசகர் நிஜ வெள்ளமே வந்ததுபோல் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

ஸ்பீக்கரில் குரல் தெளிவாகக் கேட்டது.

“இதோ, நம்ம மேனேஜர் சார். சிரிக்கிறார். அழகாத்தான் இருக்கார்.”

மேனேஜர் மீசையைத் தடவிக்கொண்டார்.

“சரி, பம்பை நிறுத்தணும். பட்டன் எங்க? இங்கயும் சார்தான் இருக்கார். தொட்டி நிரம்புது. சார் இன்னும் சிரிக்கிறார்.”

ஆலோசகர் சட்டென்று எழுந்தார். “சார், ஒரே நிமிஷம். நான் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்.”

“உட்காருங்க. போய்ச் சொல்லிக் கொடுக்கலாம்னு பார்க்கிறீங்களா?”

உட்கார்ந்தார். உடனே எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

“நல்லவேளை சார் இங்க இல்ல,” என்றது ஸ்பீக்கர். “இருந்திருந்தா கேட்டே இருப்பேன். ஐயா, கொஞ்சம் நகருங்க, உங்க மீசைக்குப் பின்னாடி எங்க பம்பு மாட்டிக்கிச்சுன்னு.”

ஆலோசகர் மறுபடி கதவைப் பார்த்தார். ஒப்பந்தம் போனால் போகட்டும், வேறு இடத்தில் பிழைத்துக்கொள்ளலாம். நம் பேச்சை நம்பி மனம் விட்டுப் பேசுகிற ஒருத்தர் பிழைப்பில் மண்ணைப் போடுகிறோமே என்று நினைத்தபோதுதான் தாங்கவில்லை.

“நாளைக்கு நிஜமாவே தொட்டி வழிஞ்சா, ஏம்மா பம்பை நிறுத்தலைன்னு கேப்பாங்க. மேனேஜர் முகத்தைப் பார்த்துக்கிட்டே நின்னுட்டேன்னு சொல்லவா? என் வீட்டுக்காரரே கோவிச்சுக்குவார்.”

டேப்லெட் வீலென்று கத்தியது. தொட்டி வழிந்துவிட்டது.

மேனேஜர் எழுந்து நின்றார். முகம் கறுத்திருந்தது. ஆலோசகர் குறுக்கே போய் நின்றார்.

“சார், அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. யாரும் கேக்க மாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன். கோபம் இருந்தா என்மேல காட்டுங்க.”

மேனேஜர் கண்ணாடியையே கொஞ்ச நேரம் முறைத்தார்.

“அந்தப் படத்தை எடுத்துடுங்க.”

“டேப்லெட்லயா சார்?”

“எல்லாத்துலயும்! தொட்டி வழிஞ்சா என் தலைதானே உருளும்?” கதவருகே போனவர் குரலைத் தாழ்த்தினார். “நான் வந்தது அந்தம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பாவம், பயந்துடுவாங்க.”

அவர் காலடிச் சத்தம் அடங்கியதும் ஆலோசகர் பக்கத்து அறைக்கு ஓடினார். அந்தம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“மேடம், என்னை மன்னிக்கணும். உங்ககிட்ட ஒரு விஷயம்...”

“மேனேஜர் போயிட்டாரா தம்பி?”

ஆலோசகர் விழித்தார். “உங்களுக்கு... எப்படி?”

“உள்ள வந்ததும் அந்த ரூம் லைட்டைப் போட்டாரே, நீங்க கவனிக்கலையா? அங்க வெளிச்சம் இருந்தா இந்தக் கண்ணாடியில எல்லாமே தெரியும். படத்தை எடுக்கச் சொல்லிட்டாரா?”

அவர் தலையாட்டினார்.

“அப்பாடா!” என்றார் இன்ஜினியர் அம்மா. “பட்டன் கீழ இருக்குன்னு டேப்லெட்டைக் கையில எடுத்ததுமே பார்த்துட்டேன். அப்பவே அமுக்கித் தொலைச்சிருந்தா, அவர் அந்தப் படத்தை எடுக்க விட்டிருப்பாரா?”