இல்சே போய்விடுவாளா?

"பெட்டியும் கையுமா எங்கே கிளம்பிட்டே?"

அலுவலக வாசலிலேயே இல்சேயை மறித்துக்கொண்டு நின்றான் யோரிஸ். சைக்கிளைப் பூட்டாமல் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். ஆம்ஸ்டர்டாமில் சைக்கிளைப் பூட்டாமல் விடுகிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவனுக்குத் தலைபோகிற காரியம் இருக்க வேண்டும்.

"எங்கேயும் இல்ல. பெட்டியோட சக்கரம் உடைஞ்சு போச்சு. சாயங்காலம் சரிபண்ணக் கொடுக்கணும்."

"காலிப் பெட்டியா?"

"தூக்கித்தான் பாரேன்."

தூக்கிப் பார்த்தான். போன உயிர் திரும்பி வந்ததுபோல் சிரித்துவிட்டு, சைக்கிளைப் பூட்டப் போனான்.

இல்சே லாத்வியா நாட்டுப் பெண். கணிதம் படிக்கிறவள். கணக்குப் போட்டே பங்குகளை வாங்கி விற்கும் இந்த நிறுவனத்தில் கோடைப் பயிற்சிக்காக வந்தவள். பயிற்சியைக் கடைசிவரை முடித்தால்தான் வேலை கிடைக்கும். நடுவில் போனால் ஒன்றும் கிடையாது. கணக்கு அவளை ஒருநாளும் கஷ்டப்படுத்தியதில்லை. கஷ்டமெல்லாம் மனிதர்களிடம்தான்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. காலையில் எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். அதோடு சரி. மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக ஆளுக்கொரு கூட்டத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஆறு மணிக்கு வீட்டில் சாப்பாடு என்று ஒரே ஓட்டமாக ஓடிவிடுவார்கள். யார் வீட்டுக்காவது போக வேண்டுமென்றால் டைரியைப் புரட்டி அடுத்த மாதத்தில் ஒரு தேதி கொடுப்பார்கள். கடையில் பில் போடும் பெண்ணிடம் "பை வேண்டாம்" என்று சொன்னதே சில நாட்களில் இல்சேயின் மொத்தப் பேச்சாக இருந்தது. கால்வாய் ஓரம் தனியாக உட்கார்ந்து ரொட்டியைத் தின்பாள். "போதும், வந்துடு கண்ணு" என்று அம்மா போனில் சொல்லும்போதெல்லாம் விமான டிக்கெட்டின் விலையைப் பார்ப்பாள்.

அப்புறம், இரண்டு வாரங்களுக்கு முன்னால், திடீரென்று எல்லாம் மாறிவிட்டது. ஒரு மதியம், கூடப் பயிற்சி எடுக்கும் ஃபெம்கே தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுநாள் யோரிஸ் வந்தான். அதற்கு மறுநாள் உட்கார இடம் போதவில்லை. ஒருத்தன் பழைய சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒருத்தி மழைக்கோட்டு கொடுத்தாள்.

இன்றைக்கும் மூன்று பேருமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"ராத்திரி எங்க வீட்டுல சாப்பாடு. வந்துடு," என்றாள் ஃபெம்கே.

"எந்த மாசம்?"

"இன்னைக்குத்தாண்டி!"

டைரியைப் பார்க்காமல் ஒரு டச்சுக்காரி சாப்பிடக் கூப்பிடுவது லேசான விஷயமில்லை. இல்சேக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த யோரிஸ் மோர் டம்ளரைக் கீழே வைத்தான்.

"இல்சே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வாயை மூடுறியா?" என்று ஃபெம்கே அவன் காலை மிதித்தாள்.

"முடியல ஃபெம்கே. காலையில பெட்டியைப் பார்த்ததுலேருந்து என்னால முடியல." அவன் இல்சே பக்கம் திரும்பினான். "நம்ம பயிற்சித் திரையில பந்தயம் போடுவோமே, உனக்குத் தெரியும்ல?"

தெரியாமல் என்ன? விலை சொல்லிப் பழகுவதற்காகவே வைத்திருக்கும் கம்ப்யூட்டர் திரை அது. நாளைக்கு மழை வருமா, லிஃப்ட் நின்றுபோகுமா என்று யார் வேண்டுமானாலும் எதன்மேல் வேண்டுமானாலும் பந்தயம் போடலாம். போட்டவர் பெயர் தெரியாது. போடுவதை விற்பது என்றும், ஏற்றுக்கொள்வதை வாங்குவது என்றும் சொல்வார்கள்.

"அதுல உன்மேல ஒரு பந்தயம் ஓடுது. 'பயிற்சி முடியறதுக்குள்ள இல்சே ஊருக்கு ஓடிடுவா. ஓடிட்டா எனக்கு ஒரு பொட்டலம் பாகு பிஸ்கட் தாங்க. ஓடலேன்னா நான் பத்துப் பொட்டலம் தர்றேன்'னு யாரோ போட்டிருந்தாங்க. அவ்வளவு மலிவா கிடைச்சா யாரு விடுவா? எல்லாருமே வாங்கிட்டோம். வாங்கினதுக்கப்புறம் நீ போயிடக் கூடாதேன்னு..."

"அதனாலதான் என்கூட உட்கார்ந்தீங்களா?"

ஃபெம்கே ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல அதுக்குத்தான்," என்றான் யோரிஸ். "ஆனா என் பந்தயத்தை நான் நேத்தே வேற ஒருத்தன் தலையில கட்டிட்டேன். நீ போனாலும் இருந்தாலும் எனக்கு ஒரு பிஸ்கட் லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. அப்படியும் பெட்டியைப் பார்த்ததும் சைக்கிளைக்கூடப் பூட்டாம ஓடி வந்தேன். அதை எந்தக் கணக்குல சேர்க்கறதுன்னு எனக்குத் தெரியல."

இல்சே அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்மதான் முட்டாளுங்க," என்றாள் ஃபெம்கே, பேச்சை மாற்றுகிறவள்போல. "விலை மலிவா இருந்தா, விக்கிறவனுக்கு என்ன தெரியும்னு முதல்ல யோசிக்கணும்னு தினமும் பாடம் எடுக்கறாங்க. ஒருத்தராவது யோசிச்சோமா? எத்தனை பேர் வந்தாலும் சளைக்காம வித்துக்கிட்டே இருக்கு அந்த ஆளு. யாரோ எவரோ, இல்சேமேல அப்படி என்ன வெறுப்போ!"

"வெறுப்பெல்லாம் இல்ல, ஃபெம்கே," என்றாள் இல்சே மெல்ல. "தனியாவே சாப்பிட்டுச் சாப்பிட்டு அழுகை அழுகையா வந்துது. பக்கத்துல வந்து உட்காருங்கன்னு உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல, அதனாலதான் வித்தேன்."